ஒரு கணினி, இரு இயங்குதளங்கள், ஒரே அஞ்சற்பெட்டி



ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களையும் நிறுவி, கணினியை இயக்கும் வேளையில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வழக்கம் இரண்டாயிரமாம் ஆண்டுகளில் கணினி ஆர்வலரிடையே இருந்தது. அவ்வாறு செய்தோர் அனைவரும் ஒரு சிக்கலைச் சந்தித்தனர். விண்டோஸில் இறக்கிய மின்னஞ்சல் லினக்ஸில் தென்படாது. லினக்ஸில் எழுதிய மறுமொழி விண்டோஸில் இராது. ஒரே வீட்டின் இரு அறைகளில் வாழ்வோர் ஒருவர்க்கு வந்த மடலை மற்றவர் அறியாதிருப்பது போன்ற நிலை அது.

இது கணினிப் பொறியாளர்க்குரிய சிறு சிக்கல் என்று தோன்றலாம். ஆயினும் இதன் பின்னே தமிழ் எழுத்து மின்னுலகில் நிலைபெற்ற வரலாறு அடங்கியுள்ளது. அவ்வரலாற்றின் முக்கிய அரங்குகளுள் ஒன்று நமது சிங்கப்பூர். இன்று தம் மாணவர் கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்வதைக் காணும் ஆசிரியர்களும், தம் பிள்ளைகளுக்குப் பழைய மடல்களைக் காட்ட விழையும் பெற்றோர்களும் இதனை அறிந்திருத்தல் நன்று என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

இரு இயங்குதளங்கள் ஒரே மடலைப் பகிர்ந்துகொள்ள மூன்று உடன்பாடுகள் வேண்டும். முதலாவது, மடல் இருக்கும் இடம் இரண்டிற்கும் எட்ட வேண்டும். இரண்டாவது, மடல் சேமிக்கப்பட்ட கோப்பின் அமைப்பு இரண்டிற்கும் விளங்க வேண்டும். மூன்றாவது, மடலில் உள்ள எழுத்து இரண்டிலும் ஒன்றாகவே தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு முதல் இரண்டு உடன்பாடுகளே போதுமானவையாக இருந்தன. தமிழில் எழுதுவோர்க்கு மூன்றாவதே மிகப் பெரிய தடையாயிற்று.

முதல் உடன்பாடு: இடம்

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். பத்தாண்டுகளுக்குள் அது வீட்டுக் கணினிகளிலும் நிறுவத்தக்கதாக வளர்ந்தது. உபுண்டு வழங்கல் 2004 அக்டோபரில் வெளிவந்தபின் நிறுவும் பணி மேலும் எளிதாயிற்று. தமிழர்க்கு இதில் தனி ஈர்ப்பு ஒன்றும் இருந்தது. கேடிஇ, குனோம் முதலிய திரைச்சூழல்களின் பட்டியல்களையும் கட்டளைகளையும் பல நாடுகளில் வாழ்ந்த தமிழ்த் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தமிழாக்கினர். கணினியின் முகமே தமிழில் தோன்றுவதைப் பலரும் முதன்முதலாக லினக்ஸில்தான் கண்டனர்.

ஆயினும் பள்ளிப் பணிகள் விண்டோஸில் இருந்தன. பிள்ளைகளின் விளையாட்டுகளும் விண்டோஸில் இருந்தன. எனவே இரண்டையும் வைத்துக்கொள்ளுதல் இயல்பான தீர்வாயிற்று. தேக்காவில் வாரச் சந்தை முடித்துவிட்டு ரோச்சோர் கால்வாய்ச் சாலைவரை நடந்தால் சிம் லிம் ஸ்குவேர். அங்கே தனி வன்வட்டு ஒன்றை வாங்கிவந்து, வீட்டில் அமர்ந்து இரண்டாம் இயங்குதளத்தை நிறுவியோர் பலர். என் இல்லக் கணினியும் சில ஆண்டுகள் அவ்வாறே இயங்கியது.

வன்வட்டை ஒவ்வோர் இயங்குதளமும் தனக்குரிய முறையில் ஒழுங்குபடுத்துகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை 1993-இல் விண்டோஸ் என்டியுடன் வந்தது. லினக்ஸ் அதனைப் படிக்க வல்லதாயினும், அதில் எழுதுவது நெடுங்காலம் இடர் நிறைந்த செயலாகவே இருந்தது. என்டிஎஃப்எஸ்-3ஜி என்னும் கட்டற்ற மென்பொருளின் நிலையான பதிப்பு 2007-இல் வெளிவந்த பின்னரே அச்சம் நீங்கியது. லினக்ஸின் வன்வட்டு முறைகளையோ விண்டோஸ் தானாக அறிந்துகொள்வதில்லை.

எனவே அக்காலத்தில் ஃபேட்32 என்னும் பழைய முறையில் மூன்றாவது பிரிவு ஒன்றை அமைத்தனர். இரு இயங்குதளங்களும் அதில் படிக்கவும் எழுதவும் இயலும். நம் ஊர் வீடுகளின் திண்ணையைப் போல, உள்ளிருப்போர்க்கும் வெளியிலிருந்து வருவோர்க்கும் அது பொது இடமாயிற்று. ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை எட்டக்கூடாது என்பதே அதன் வரம்பு.

இரண்டாம் உடன்பாடு: கோப்பின் அமைப்பு

இடம் பொதுவானால் மட்டும் போதாது. விண்டோஸுடன் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மென்பொருள் மடல்களைத் தனக்கே உரிய கோப்பு வடிவில் சேமித்தது. லினக்ஸின் அஞ்சல் மென்பொருள்கள் அதனை நேரடியாகத் திறக்கமாட்டா. மறுபுறம், யூனிக்ஸ் மரபில் எம்பாக்ஸ் என்னும் மிக எளிய வடிவம் இருந்தது. அதில் மடல்கள் யாவும் ஒரே உரைக்கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். ஒவ்வொரு மடலின் தொடக்கத்தையும் ஓர் அடையாள வரி காட்டும். எளிமையே அதன் வலிமை. எந்த உரைத் தொகுப்பியாலும் அதனைத் திறந்து பார்க்கலாம்.

மோசில்லா நிறுவனத்தின் தண்டர்பேர்டு அஞ்சல் மென்பொருளின் முதல் முழுப் பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. விண்டோஸ், லினக்ஸ், மெக் ஆகிய மூன்றிலும் அது இயங்கியது; மூன்றிலும் எம்பாக்ஸ் வடிவிலேயே மடல்களைச் சேமித்தது. பயனரின் மடல்கள், முகவரிப் புத்தகம், அமைப்புகள் யாவும் ஒரே அடைவில் இருக்கும். அவ்வடைவைப் பொதுப் பிரிவில் வைத்து, இரு இயங்குதளங்களிலும் உள்ள தண்டர்பேர்டுக்கு அவ்விடத்தைக் காட்டிவிட்டால், இரண்டும் ஒரே அஞ்சற்பெட்டியைத் திறக்கும். காலையில் விண்டோஸில் இறக்கிய மடலுக்கு மாலையில் லினக்ஸில் மறுமொழி எழுதலாம்.

இம்முறையை இன்றும் பின்பற்றுவோர் இரண்டு எச்சரிக்கைகளை நினைவிற்கொள்ள வேண்டும். விண்டோஸை முழுமையாக நிறுத்தாமல் உறக்க நிலையில் வைத்துவிட்டு லினக்ஸிற்குச் சென்று பொதுப் பிரிவில் எழுதினால், மீண்டும் விண்டோஸ் விழிக்கும்போது கோப்புகள் சிதையக்கூடும். 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் ‘விரைவுத் தொடக்கம்’ என்னும் வசதியும் இதே இடரை விளைவிப்பதால் அதனை நிறுத்திவைத்தல் நலம். அடுத்து, இரு பக்கத்திலும் தண்டர்பேர்டின் பதிப்பு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். புதிய பதிப்பு பயன்படுத்திய அடைவைப் பழைய பதிப்பு ஏற்க மறுக்கும்.

மூன்றாம் உடன்பாடு: எழுத்து

இவ்விரண்டு உடன்பாடுகளும் நிறைவேறிய பின்னரும் தமிழ் மடல் ஒருபக்கம் தமிழாகவும் மறுபக்கம் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகவும் தோன்றியது. கோப்பு ஒன்றுதான், அதிலுள்ள பைட்டுகளும் ஒன்றுதான். பின் ஏன் இவ்வேறுபாடு?

மின்னஞ்சலைக் கடத்தும் விதிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோது ஆங்கில எழுத்துகளே கருத்திற்கொள்ளப்பட்டன. 7 பிட்டுகளில் 128 இடங்கள். அவற்றுள் ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் அடங்கின. எட்டாவது பிட்டையும் சேர்த்தால் மேலும் 128 இடங்கள் கிடைக்கும். தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியோர் அவ்விடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தினர். ஆனால் எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வகுத்தனர். ஒருவர் எழுத்துருவில் ‘க’ இருந்த இடத்தில் மற்றவர் எழுத்துருவில் ‘ணூ’ இருந்தது என்றால் மடல் எவ்வாறு விளங்கும்? எழுதியவரின் எழுத்துருவைப் படிப்பவரும் நிறுவியிருந்தால் மட்டுமே அது மடல்.

இந்நிலையை மாற்ற முனைந்தோருள் நம் சிங்கப்பூரர் நா. கோவிந்தசாமி முதன்மையானவர். எழுத்தாளர்; தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர்; ஆசிரியர்களை உருவாக்கிய ஆசிரியர். அவர் உருவாக்கிய தமிழ்க் கணினி முறைக்குக் ‘கணியன்’ என்று பெயரிட்டார். 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் நான்கு அதிகாரத்துவ மொழிகளின் கவிதைகளும் இடம்பெற்றன. அதில் தமிழ் இடம்பெறக் கோவிந்தசாமி உழைத்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ அவருடன் துணைநின்றார். இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்கக் கட்டங்களுள் அது ஒன்று.

1997 மே மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு கூடியது. தமிழுக்குப் பொதுவான குறியேற்றமும் விசைப்பலகையும் வேண்டும் என்பதே அங்குப் பேசப்பட்ட தலையாய பொருள். அதன்பின் இருவகை முயற்சிகள் நிகழ்ந்தன. உலகெங்கும் பரவியிருந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே கலந்துரையாடி ‘திஸ்கி’ என்னும் 8 பிட் குறியேற்றத்தை உருவாக்கினர். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோர் அதில் பங்குகொண்டனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டையொட்டித் ‘தாம்’, ‘தாப்’ என்னும் வேறு இரு குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதம் கோவிந்தசாமி மறைந்தார். 2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரில் மாநாடு கூடியபோது, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய ‘உத்தமம்’ தோற்றம் பெற்றது.

இவற்றிற்கெல்லாம் இணையாக யூனிகோடு வளர்ந்துகொண்டிருந்தது. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் இடம் ஒதுக்கப்படுவது வேறு, திரையில் எழுத்துச் சரியாகத் தோன்றுவது வேறு. விண்டோஸ் 2000 இயங்குதளமே யூனிகோடுத் தமிழைத் தன்னுள் கொண்டு வந்தது. லினக்ஸும் அடுத்த சில ஆண்டுகளில் அவ்வாற்றலைப் பெற்றது.

வகுப்பறையில் கற்பிக்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். திஸ்கியில் அது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும்: முதலில் ஒற்றைக்கொம்பு, பின் ககரம், பின் கால். கரும்பலகையில் நாம் எழுதும் வரிசையும் அதுவே. யூனிகோடிலோ ஒலியின் வரிசை பின்பற்றப்படும்: முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. மெய் முன்னும் உயிர் பின்னுமாய் உயிர்மெய் பிறக்கிறது என்று நாம் இலக்கண வகுப்பில் கற்பிக்கும் வரிசைக்கு இது பொருந்துகிறது. கை எழுதும் வரிசை ஒன்று, நா ஒலிக்கும் வரிசை மற்றொன்று. இரண்டும் தமிழே. ஆனால் ஒன்றை எதிர்பார்க்கும் கணினிக்கு மற்றொன்றை அளித்தால் அது திகைக்கும்.

மின்னஞ்சலில் இச்சிக்கல் இரட்டித்தது. ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும், உள்ளிருக்கும் எழுத்து எந்தக் குறியேற்றத்தில் அமைந்தது என்று குறிப்பிடும் வழக்கம் 1992-இல் வகுக்கப்பட்ட மைம் விதிமுறையால் வந்தது. திஸ்கிக்கோ 2007 வரை அனைத்துலகப் பதிவேட்டில் இடமில்லை. ஆகவே திஸ்கி மடல்கள் பல, தம்மை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்றோ ‘பயனர் வரையறுத்தது’ என்றோ அறிவித்துக்கொண்டே பயணம் செய்தன. விண்டோஸில் அதற்குரிய எழுத்துருவை நிறுவியிருந்தவர்க்கு அம்மடல் தமிழாகத் தெரிந்தது. அதே கணினியை லினக்ஸில் இயக்கியபோது, தலைப்பகுதி கூறியதை நம்பிய மென்பொருள் ஐரோப்பிய எழுத்துகளைக் காட்டியது. இரு இயங்குதளங்கள் கொண்ட கணினி, தமிழின் அன்றைய நிலையை ஒரே மேசையில் காட்டிய கண்ணாடியாயிற்று.

யூனிகோடு மடல்களுக்கு இத்தொல்லை இல்லை. அவற்றின் தலைப்பகுதி உண்மையையே கூறும். அதற்கு ஒரு விலையும் இருந்தது. ‘தமிழ்’ என்னும் சொல் திஸ்கியில் 4 பைட்டுகள். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். பழைய 7 பிட் வழிகளில் செல்வதற்காகக் குறிகளாக மாற்றி எழுதினால் அதே சொல் 45 எழுத்துகளாக விரியும். தொலைபேசி வழியாக இணையத்தை எட்டிய காலத்தில் இது பெருஞ்சுமை என்று சிலர் வாதிட்டனர். பின்னர் இணைப்பின் வேகம் பெருகி அவ்வாதம் வலுவிழந்தது. 2010 ஜூனில் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது.

எஞ்சிய மடல்கள்

வரலாறு இவ்வாறு இனிதே முடிந்தது என்று கூறிவிடலாம். ஆனால் 1990-களின் நடுவிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் நாம் எழுதிய மடல்கள் என்னாயின?

எனக்கு மூத்த தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற பின்னரும் தேக்கா பக்கம் வந்தால் என்னை அழைத்துத் தேநீர் அருந்தச் செய்வார். 2001 தொடங்கி அவர் எனக்குத் திஸ்கியில் எழுதிய மடல்கள் முப்பதுக்கு மேல் இருக்கும். தொடக்கநிலை மாணவர்க்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டை எந்த விளையாட்டால் பழக்குவது, வீட்டில் தமிழ் பேசாத பிள்ளையை எவ்வாறு பேசத் தூண்டுவது, பெற்றோரிடம் குறை கூறாமல் குறையை எவ்வாறு உணர்த்துவது என அவர் எழுதியவை எந்தப் பயிற்சி நூலிலும் இல்லை. அவர் மறைந்தபின் அவருடைய பிள்ளைகள் அம்மடல்களைக் கேட்டனர். அவர்களுடைய கணினியில் திறந்தபோது ஒரு சொல்லும் விளங்கவில்லை. தந்தையின் எழுத்து கண்முன் இருந்தும் அவர்களால் படிக்க இயலவில்லை.

என் பழைய வன்வட்டின் பொதுப் பிரிவில் அவை எம்பாக்ஸ் கோப்பாக இருந்தமையால் மீட்க முடிந்தது. இங்கே லினக்ஸ் பெருந்துணை புரிந்தது. குறியேற்றங்களை மாற்றுவதற்காக அதில் உள்ள ‘ஐகான்வ்’ என்னும் சிறு கருவி திஸ்கியையும் அறியும். மடலின் மூலப் பைட்டுகளை அதற்கு அளித்தால், கொம்புகளையும் கால்களையும் உரிய வரிசைக்கு மாற்றி யூனிகோடாகத் தரும். ஒரு காலத்தில் அம்மடல்களை ஐரோப்பிய எழுத்தாகக் காட்டிய அதே இயங்குதளம், பின்னாளில் அவற்றைத் தமிழாக மீட்டுத் தந்தது. அச்சிட்ட தாள்களை அவருடைய பிள்ளைகளிடம் கொடுத்தேன். அவற்றின் படி ஒன்றை இன்றும் பாடம் ஆயத்தம் செய்கையில் புரட்டுவதுண்டு.

நூல்களுக்குக் காவலர் உண்டு. 2015-இல், சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டில், அருண் மகிழ்நன் முதலியோரின் முயற்சியாலும் தேசிய நூலக வாரியத்தின் துணையாலும் நம் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. மடல்களுக்கு அத்தகைய காவலர் இல்லை. அவற்றின் உரிமையாளராகிய நாமே காவலர்.

வழங்கியில் வாழும் மடல்கள்

இன்று இரு இயங்குதளங்களுக்கிடையே கோப்பைப் பகிரும் தேவை பெரும்பாலும் இல்லை. மடலை வீட்டுக்கு இறக்கிக்கொள்ளும் ‘பாப்’ முறைக்கு மாறாக, மடலை வழங்கியிலேயே வைத்து எங்கிருந்தும் பார்க்கும் ‘ஐமேப்’ முறையை மார்க் கிறிஸ்பின் 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வகுத்தார். ஜிமெயில் 2004 ஏப்ரலில் 1 ஜிகாபைட் இடத்துடன் வந்தது. 2007-இல் ஐமேப் வசதியையும் அளித்தது. அதன்பின் எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே அஞ்சற்பெட்டி.

இவ்வசதியின் மறுபக்கத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023-இல் அறிவித்தது. ஒருவர் மறைந்த பின் அவருடைய கணக்கை எவரும் திறக்காவிடின், அவர் எழுதியவை யாவும் மறையக்கூடும். பழைய வன்வட்டில் தூசி படிந்து கிடந்த கோப்பு, படிக்க இயலாததாயினும் இருந்தது. வழங்கியில் நீக்கப்பட்ட மடலோ இல்லவே இல்லை.

எனவே ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சில வேண்டுகோள்கள்:

1. வீட்டில் பழைய கணினியோ வன்வட்டோ இருப்பின், எறிவதற்குமுன் அதிலுள்ள அஞ்சல் அடைவை முழுமையாகப் படியெடுத்து வையுங்கள்.

2. பழைய தமிழ் மடலை மாற்ற முனையுமுன் மூலத்தை அப்படியே ஒதுக்கி வையுங்கள். மாற்றும் பணியைப் படியின்மீதே செய்யுங்கள். எந்தக் குறியேற்றம் என்று ஐயமிருப்பின், ஒரு வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

3. இன்றைய கணக்கிலுள்ள முதன்மையான மடல்களை ஆண்டுக்கொருமுறை எம்பாக்ஸ் வடிவில் இறக்கி, வீட்டிலும் ஒரு படி வைத்திருங்கள்.

4. இப்பணியில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விளங்காத குறிகளின் குவியல் ஒரு நொடியில் தாத்தாவின் தமிழாக மாறுவதைக் கண்ட பிள்ளை, எழுத்து என்பது பலர் கூடி எட்டிய உடன்பாடு என்பதைத் தானே உணரும்.

உயர்நிலை மாணவர் எவரேனும் இதனை ஒரு திட்டப்பணியாகச் செய்ய விரும்பினால், ‘கொ’ என்னும் ஓரெழுத்தின் இருவகை வரிசையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தங்களிடம் உள்ள பழைய மடல்களை மீட்பதில் ஐயம் எழுந்தால் எனக்கு எழுதுங்கள்; எந்த எழுத்துருவில் எழுதினாலும் படிக்க முயல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்